எந்தப் பெண்ணும்

1845-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பெண்ணையும் அவள் விருப்பத்திற்கு மாறாகப் பிடித்து, அச்சுறுத்திக் கெடுப்பது குற்றம் என்றது அச்சட்டம். "எந்தப் பெண்ணும்" என்பது அதில் உள்ள சொல். நல்ல சொல். செல்வர் வீட்டுப் பெண், ஏழை வீட்டுப் பெண் என்று பிரித்துப் பார்க்காத சொல். எழுதியவன் நெஞ்சில் நீதி இருந்தது என்றுதான் படிப்பவர் எவரும் நினைப்பர்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. அம்மாநிலத்தின் காலவே வட்டத்தில் நிலபுலத்தோடு வாழ்ந்த ராபர்ட் நியூசம் என்பவன், மனைவியை இழந்த முதியவன், சந்தையில் மாடு பிடித்து வருவதுபோல ஒரு சிறுமியை விலை கொடுத்து வாங்கி வந்தான். சீலியா என்பது அவள் பெயர். வயது ஏறத்தாழ 14. சமையலுக்கு என்று ஊர் அறிய வாங்கினான். எதற்கென்று வாங்கினான் என்பதை அன்றே அவளுக்கு உணர்த்தினான். ஐந்தாண்டுக் கொடுமைக்குப் பின், 1855 ஜூன் 23 அன்று இரவு, தன் குடிசைக்கு வந்தவனை அவள் தடியால் அடித்தாள். அவன் மாண்டான். வழக்கு மன்றத்தில் அவளுக்காக வாதிட்டவர்கள் அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். எந்தப் பெண்ணும் என்றால் சீலியாவும் அதில் அடக்கம் அன்றோ என்று கேட்டார்கள். அடக்கம் இல்லை என்றார் நீதிபதி. அவள் பெண்ணாக இருக்கலாம், ஆனால் உடைமை. உடைமைக்கு மானம் ஏது? ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளை ஆண்கள். வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் உரிமை கறுப்பினத்தார்க்கு அங்கே கிடையாது. 1855 டிசம்பர் 21 அன்று சீலியா தூக்கிலிடப்பட்டாள்.

செய்திப்படம் ஒன்றையும், அப்படத்தின் தலைவி பின்னர் எழுதிய வாழ்க்கை நூலையும் பற்றித்தான் இங்கே எழுத முனைந்தோம். அதற்கு இந்தக் கொலைக் கதை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. படத்தை முதலில் பார்க்கையில் நமக்குக் கண்ணீர் வந்தது. கண்ணீர் வந்தபின் ஒரு நிறைவும் வந்தது. அந்த நிறைவு நம்மை உறுத்தியது. சீலியாவை அருகில் நிறுத்திக்கொண்டு இரண்டாம் முறை பார்த்தோம். அப்போதுதான் படத்தின் பெருமையும் குறையும் ஒருசேரத் தெரிந்தன.

படத்தின் பெயர் "டிரீம்கேச்சர்". 2015-ஆம் ஆண்டு வெளிவந்தது. எடுத்தவர் கிம் லாங்கினாட்டோ என்னும் ஆங்கில நாட்டுப் பெண்மணி. அவ்வாண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அயல்நாட்டுச் செய்திப்படங்களுக்கான இயக்குநர் பரிசு அவருக்குக் கிடைத்தது. படத்தின் தலைவி பிரெண்டா மையர்ஸ் பவல், சிகாகோ நகரத்துக் கறுப்பினப் பெண். 25 ஆண்டுகள் தெருவில் விலைபோனவர். மீண்டபின், தம்மைப் போலவே மீண்டு வந்த ஸ்டெஃபனி டேனியல்ஸ் வில்சனோடு சேர்ந்து 2008-ஆம் ஆண்டில் டிரீம்கேச்சர் அறநிலையத்தைத் தொடங்கியவர். கெட்ட கனவுகளைப் பிடித்து நிறுத்தும் என்று அமெரிக்கப் பழங்குடியினர் படுக்கையருகே தொங்கவிடும் வலைதான் டிரீம்கேச்சர். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! கனவைப் பிடிக்கும் வலை என்பது பிறர் நம்பிக்கை. இவ்விரு பெண்களின் வலை ஒரு பழைய வேன், சில பெட்டி ஆணுறைகள், ஒரு தொலைபேசி எண்.

பெண் வணிகம் என்றதும் உலகம் எந்தப் படத்தை நினைக்கிறது? 2008-இல் வந்து பணத்தை வாரிக் குவித்த "டேக்கன்" படத்தை நினைக்கிறது. பாரிசுக்கு உல்லாசப் பயணம் போன வெள்ளைப் பெண். அவளைத் தூக்கிச் செல்லும் அயல்நாட்டுக் கயவர் கூட்டம். துப்பாக்கியும் கையுமாகப் பறந்து வந்து அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளி மகளை மீட்கும் தந்தை. கயவன் வெளியூர்க்காரன், மீட்பவன் வீட்டுக்காரன். கொட்டகையில் கைதட்டல் வானைப் பிளக்கிறது. வீட்டிற்குத் திரும்பிய ஒவ்வொருவனும், நம் வீட்டிலும் தெருவிலும் அத்தகைய கொடுமை இல்லை என்று நிம்மதியாக உறங்குகிறான். உறங்க வைப்பதுதான் அப்படத்தின் தொழில்.

பிரெண்டாவின் கதையில் பாரிசு இல்லை. துப்பாக்கி ஏந்திய தந்தை இல்லை. தாய் 16 வயதில் இறந்தபோது இவர் ஆறு மாதக் குழந்தை. சிகாகோவின் மேற்குப் பகுதியில் பாட்டி வளர்த்தாள். அந்தப் பாட்டியை அரக்கியாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கதை படித்துக் காட்டியவள், வாய்க்குச் சுவையாகச் சமைத்துப் போட்டவள், குடித்தால் வேறொருத்தி ஆகிவிடுபவள் என்றே காட்டுகிறார். பாட்டியோடு குடிக்க வந்தவர்கள் அவள் மயங்கிய நேரத்தில் குழந்தையிடம் முறைகேடாக நடந்தார்கள். அப்போது வயது நான்கோ ஐந்தோ. சாளரத்துக்கு வெளியே மினுங்கும் ஆடையணிந்து நின்ற பெண்கள் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாட்டியைக் கேட்டாள். ஆடவர் பணம் தருகிறார்கள் என்ற விடை வந்தது. பணமே தராமல் தனக்கு நேர்ந்துகொண்டிருப்பதற்கு அவர்களுக்குப் பணமாவது கிடைக்கிறதே என்று அந்தப் பிஞ்சு நெஞ்சு கணக்குப் போட்டது. தோழர்களே, பொருளாதார நூல் பல படித்தோம். இத்தகைய கணக்கை எந்த நூலிலும் கண்டதில்லை.

14 வயதில் கையில் இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்குப் பணம் வேண்டும் என்றாள் பாட்டி. கிறிஸ்தவ உலகம் முழுதும் சிலுவையை எண்ணி உருகும் புனித வெள்ளி இரவில் அந்தச் சிறுமி தெருமுனைக்குப் போனாள். நான்கு டாலருக்கும் குறைந்த விலையில் ஓர் ஆடை, மலிவான பிளாஸ்டிக் செருப்பு, வயதைக் கூட்டிக் காட்ட உதட்டுச் சாயம். இரவெல்லாம் அழுதாள். கிடைத்த 400 டாலரில் பெரும்பகுதியைப் பாட்டியிடம் கொடுத்தாள். எங்கிருந்து வந்தது என்று பாட்டி கேட்கவில்லை. மூன்றாம் முறை போனபோது தரகர்கள் இருவர் துப்பாக்கியைக் காட்டிக் காரின் பின்பெட்டிக்குள் அடைத்துக் கொண்டு போனார்கள். கடத்தல் என்று உலகம் ஒப்புக்கொள்ளும் செயல் இங்கேதான் வருகிறது. அதற்கு முன்னரே பத்தாண்டுகளாக அவள் கடத்தப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பதை இப்படம் போல் தெளிவாக உரைத்த படம் வேறொன்றை நாம் பார்த்ததில்லை.

"லீவிங் பிரீசி ஸ்டிரீட்" என்னும் வாழ்க்கை நூல் 2021-இல் வெளிவந்தது. பிரீசி என்பது தெரு அவருக்கு இட்ட பெயர். ஐந்து முறை சுடப்பட்டு, பதின்மூன்று முறை குத்தப்பட்டு உயிர் பிழைத்த ஒருவர் எழுதிய நூல் புலம்பலாக இருக்கும் என்று எண்ணித் திறந்தோம். புலம்பல் இல்லை. சிரிப்பு இருக்கிறது. தம்மையே எள்ளி நகையாடும் சிரிப்பு. 1997 ஏப்ரல் முதல் நாள், வயது நாற்பதை நெருங்கிய வேளையில், ஒருவன் அவரைக் காரிலிருந்து உதைத்துத் தள்ளினான். ஆடை கதவில் சிக்கிக்கொண்டது. ஆறு தெருவளவு தூரம் கார் அவரை இழுத்துச் சென்றது. முகத்தின் தோல் உரிந்து அரசு மருத்துவமனையில் கிடந்தவரைப் பார்த்த காவலர், இவளைத் தெரியும், தெருப்பெண்தானே, எவனிடமாவது திருடியிருப்பாள் என்று சொல்லிச் சிரித்தார். செவிலியும் உடன் சிரித்தாள். காரோட்டி உரித்தது தோலை. அந்தச் சிரிப்பு உரித்ததை என்னென்பது?

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். இக்கட்டுரை எழுத உட்கார்ந்தபோது இப்பெண்களைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்று தடுமாறினோம். விலைமகள் என்கிறோம், பொதுமகள் என்கிறோம், பரத்தை என்கிறோம். விற்கப்பட்டவளுக்கு இத்தனை பெயர்! விற்றவனுக்குத் தரகன் என்ற ஒரு பெயர். அதுவும் நிலத்தரகன், மாட்டுத்தரகன் என்று பலரோடு பங்கிட்டுக் கொள்ளும் பெயர். வாங்கியவனுக்கோ பெயரே இல்லை. வள்ளுவர் "வரைவின் மகளிர்" என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதிலும் பழி அவள் மேல்தான். வள்ளுவரைப் போற்றுவதில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லோம். ஆயினும் அந்தப் பத்துக் குறளையும் பிரெண்டாவின் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் நாணமாகத்தான் இருக்கிறது.

படத்திற்கு வருவோம். இரவில் வேன் போகிறது. தெருவில் நிற்கும் பெண்ணருகே நிற்கிறது. அறிவுரை இல்லை. நரகம், பாவம், மனந்திரும்பு என்ற பேச்சு இல்லை. குளிருகிறதா, சாப்பிட்டாயா, இந்த உறையை வைத்துக்கொள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. அவ்வளவுதான். சீர்திருத்தக்காரர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேருக்கு இந்த அடக்கம் உண்டு? மேடையில் ஏறி ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு, யாருக்காக முழங்கினோமோ அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறிவிடும் வழக்கம் நமக்கு உண்டே!

பள்ளிக்கூடக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளி நேரம் முடிந்தபின் பதின்வயதுச் சிறுமியர் சிலர் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். பிரெண்டா தம் கதையைச் சொல்கிறார். ஒருத்தி பேசத் தொடங்குகிறாள். பிறகு மற்றொருத்தி. பிறகு இன்னொருத்தி. வீட்டிற்கு வந்தவன், உறவினன், தெரிந்தவன்! யாரிடமாவது சொன்னாயா என்றால், சொன்னேன், நம்பவில்லை என்கிறாள். கேமரா அசையாமல் நிற்கிறது. வகுப்பறையே நம் பிழைப்பு. வருகைப் பதிவேட்டில் "வரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவது நம் நாள்தோறும் செயல். அந்தச் சிவப்புக் குறிக்குப் பின்னால் என்ன என்று எத்தனை முறை கேட்டோம் என எண்ணியபோது, படத்தை அங்கேயே சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. டாரானா பர்க் என்னும் கறுப்பினப் பெண், தம் இனத்துச் சிறுமியரிடையே பணிபுரிகையில் "எனக்கும்தான்" என்ற பொருள்படும் "மீ டூ" என்ற இரு சொற்களை 2006-இல் இயக்கமாக்கினார். ஹாலிவுட் நடிகையர் வாயில் 2017-இல் அச்சொல் ஏறிய பின்னரே உலகம் அதைக் கேட்டது. இக்காட்சியில் அச்சொல் பிறந்த இடத்தைப் பார்க்கிறோம்.

ஒரு காலத்தில் பெண்களை விற்றுத் தின்ற தரகன் ஒருவனும் படத்தில் வருகிறான். இன்று அவன் பிரெண்டாவோடு சேர்ந்து பேசுகிறான். மீண்டவள் அருகில் விற்றவன் நிற்பதா என்று முதலில் நமக்குச் சினம் பொங்கியது. இரண்டாம் முறை பார்க்கையில் சினம் தணிந்தது என்று சொல்லமாட்டோம். ஆனால், சந்தை எப்படி நடக்கிறது, எந்தச் சிறுமியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவள் தனிமையை எப்படி மோப்பம் பிடிக்கிறார்கள் என்பதைச் சந்தைக்காரன் வாயால் கேட்பதில் பயன் இருக்கிறது. இதை இயக்குநர் மறைக்காமல் விட்டது நேர்மை.

பகுத்தறிவாளர் விழுங்கக் கசக்கும் செய்தி ஒன்றும் உண்டு. தோல் உரிந்து கிடந்த பிரெண்டாவுக்குக் கதவு திறந்த இடம் ஜெனிசிஸ் இல்லம். நடத்தியவர் எட்வினா கேட்லி, கத்தோலிக்கத் தொண்டர். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கே தங்கித்தான் பிரெண்டா மனிதப் பிறவியானார். கசக்கிறது என்பதற்காக மறைப்போமா? பசித்தவனுக்குச் சோறு போட்ட கை சிலுவை அணிந்திருந்தது என்றால் அணிந்திருந்தது என்றே எழுதுவோம். நம் கேள்வி வேறு. நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாட்டில், முகம் கிழிந்த பெண்ணுக்கு ஓர் அறையும் போர்வையும் தர அரசாங்கத்துக்கு வகை இல்லாமல் போனது எப்படி?

இந்தக் கேள்வியைப் படம் கேட்கவே இல்லை. இதுவே நாம் காணும் பெருங்குறை. பிரெண்டா வானத்திலிருந்து குதித்தவர்போல் காட்டப்படுகிறார். அவருக்கு முன் யாரும் இல்லை. அவரைச் சுற்றிச் சட்டம் இல்லை, நீதிமன்றம் இல்லை, வீட்டு வாடகை இல்லை. ஒரு பெண், ஒரு வேன், ஓர் இரவு. தனிமனிதப் புகழ்ச்சிக்கு இது போதும், வரலாற்றுக்குப் போதாது. அவருக்கு முன்னே ஒருவர், அதுவும் 111 ஆண்டுகளுக்கு முன்னே, இதே வேலையைச் செய்தார் என்பதைச் சொல்லியிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும்.

அவர் பெயர் விக்டோரியா எர்ல் மாத்யூஸ். 1861-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். நியூயார்க்கில் எழுத்தாளராக உயர்ந்தவர். 16 வயது மகனைப் பறிகொடுத்த துயரத்தை விழுங்கிக்கொண்டு பிறர் பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பியவர். அக்காலத்தில் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினச் சிறுமியர் வேலை தேடிக் கப்பலேறி வடக்கே வந்தனர். வேலை தரகர்கள் ஊர் ஊராகச் சென்று, கப்பல் கட்டணம் நாங்கள் கொடுக்கிறோம், வேலையும் தருகிறோம், கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று கைநாட்டு வாங்கினார்கள். துறைமுகத்தில் இறங்கியவுடன் பெண் கடன்காரி! மூட்டை முடிச்சு தரகனிடம். தங்க இடம் தரகன் காட்டும் இடம். அந்த இடம் எதுவென்று விளக்க வேண்டியதில்லை. கடனைக் கயிறாக்கிக் கழுத்தில் கட்டுவது பெண் வணிகத்தின் பழைய வித்தை. இன்றும் அது மாறவில்லை.

மாத்யூஸ் 1897-இல் நியூயார்க்கில் வெள்ளை ரோஜா இல்லத்தைத் தொடங்கினார். மேடை போட்டு, தீர்மானம் நிறைவேற்றிக் கலையவில்லை. கப்பல் வரும் துறைக்கே ஆள் அனுப்பினார். நியூயார்க் துறையில் ஒருவர். கப்பல் புறப்படும் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறையில் ஒருவர். தரகன் கை படுவதற்கு முன் தங்கை கையை அக்காள் பற்றிவிட வேண்டும். இதுதான் திட்டம், இவ்வளவு எளிது, இவ்வளவு கூர்மை. இல்லத்தில் படுக்கை, சமையல் வேலைப் பயிற்சி, குழந்தைகளுக்கு வகுப்பு. அத்தோடு கறுப்பினத்தார் எழுதிய நூல்களும் அவர்களைப் பற்றிய நூல்களும் அடங்கிய ஒரு நூலகம்! பசியோடு இறங்கிய பெண்ணுக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர் அன்றும் இருந்திருப்பர். நீ விலைப்பொருள் அல்லை என்று வாயால் ஆயிரம் முறை சொல்வதைவிட, உன் இனத்தார் எழுதிய நூல் இதோ என்று கையில் கொடுப்பது வலிமை என்பதை அவ்வம்மையார் அறிந்திருந்தார். எலும்புருக்கி நோய் அவரை 1907-இல் கொண்டுபோயிற்று. துறைமுகத்தில் நின்று கைகொடுத்த அவரையும், தெருமுனையில் வேனை நிறுத்தும் பிரெண்டாவையும் இணைத்துப் பார்க்க ஒரு நிமிடக் காட்சி போதுமே! எடுத்தவருக்கு ஏன் தோன்றவில்லை?

மாத்யூஸ் மறைந்து மூன்றாண்டில் அமெரிக்க அரசாங்கம் விழித்துக்கொண்டது. எதற்காக விழித்தது என்பதைப் பாருங்கள். 1910 ஜூன் 25 அன்று மான் சட்டம் பிறந்தது. ஒழுக்கக்கேடான நோக்கத்திற்காக எந்தப் பெண்ணையும் சிறுமியையும் மாநில எல்லை கடத்திச் செல்வது குற்றம். மறுபடியும் "எந்தப் பெண்ணும்"! ஆனால் அச்சட்டத்தின் முழுப்பெயர் என்ன தெரியுமா? "வெள்ளை அடிமை வணிகச் சட்டம்". உடம்பில் எந்தப் பெண்ணும், நெற்றியில் வெள்ளை. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கறுப்பினப் பெண்ணைச் சந்தையில் நிறுத்தி விற்ற நாடு, அடிமை என்ற சொல்லுக்கு முன் வெள்ளை என்ற சொல்லைச் சேர்த்த பிறகுதான் பதறியது.

பதறிய நாடு அச்சட்டத்தை யார் மேல் பாய்ச்சியது? சட்டம் பிறந்த ஒன்பதாம் நாள், ஜூலை 4 அன்று, ஜாக் ஜான்சன் என்னும் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர், வெள்ளையரின் நம்பிக்கை நாயகன் ஜெஃப்ரீசை ரீனோ நகரில் வீழ்த்தினார். வெள்ளைத் திமிருக்கு விழுந்த குத்து அது. பொறுப்பார்களா? ஜான்சன் வெள்ளைப் பெண்களோடு பழகினார் என்பதைப் பிடித்துக்கொண்டு மான் சட்டப்படி வழக்குத் தொடுத்தார்கள். முதற் பெண் சாட்சி சொல்ல மறுத்து அவரையே மணந்துகொண்டார். வேறொரு பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். 1913-இல் வெள்ளை ஜூரிகள் தண்டனை அளித்தனர். ஓராண்டும் ஒரு நாளும் சிறை. நாட்டை விட்டு ஓடிய அவர் 1920-இல் திரும்பி வந்து சிறை புகுந்தார். 2018-இல்தான் அவருக்கு மன்னிப்பு. மாண்டு 72 ஆண்டுகளுக்குப் பின்! கறுப்பினச் சிறுமியை விற்றவனைத் தேடாத சட்டம், கறுப்பின வீரனைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் துரத்தியது.

இது பழங்கதை, இன்று எல்லாம் மாறிவிட்டது என்பார்கள் சிலர். மாறியது உண்டு, மறுக்கமாட்டோம். 2000-ஆம் ஆண்டு வந்த அமெரிக்க ஒன்றியச் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்தவரை இத்தொழிலில் ஈடுபடுத்தினாலே கடத்தல் குற்றம். வன்முறையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சிறுமியைக் காவலர் பிடித்தால் மாநிலச் சட்டம் அவளைக் குற்றவாளி என்றது. ஒரே சிறுமி, ஒன்றியத்தின் ஏட்டில் பாதிக்கப்பட்டவள், மாநிலத்தின் ஏட்டில் விபசாரி! இந்த முரணை முதலில் நீக்க முனைந்த மாநிலம் நியூயார்க், 2008-இல். பின்னர் வேறு பல மாநிலங்கள். சிறுமியராய் இருந்தபோது விற்கப்பட்டவர்கள் சட்டமன்றத்தில் வந்து வாய்விட்டுச் சொன்னதன் விளைவு அது. ஆளும் மன்றம் தானாகக் கனிந்து தந்த கொடை அன்று.

சட்டம் மாறினாலும் கண் மாற வேண்டுமே! ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017-இல் 325 பேரைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே வயதுதான், ஆயினும் வெள்ளைச் சிறுமியைவிடக் கறுப்பினச் சிறுமிக்குப் பாதுகாப்பும் ஆறுதலும் குறைவாகவே வேண்டும், அவளுக்குப் பாலுறவுச் செய்திகள் கூடுதலாகத் தெரியும் என்று எண்ணுகிறார்கள் பெரியவர்கள். இந்த எண்ணம் ஐந்து வயதுச் சிறுமியிடமே தொடங்கிவிடுகிறது! நியூசம் கண்ணுக்குச் சீலியா அப்படித்தான் தெரிந்தாள். மருத்துவமனையில் சிரித்த காவலரின் கண்ணும் அந்தக் கண்தான்.

நூலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அடிமையாய் இருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், தம் எசமானனின் காமத்திலிருந்து மறைந்து வாழ்ந்த கதையை 1861-இல் புனைபெயரில் நூலாக வெளியிட்டார். புலவர் பெருமக்கள் என்ன செய்தார்கள்? கறுப்பினப் பெண் இவ்வளவு நன்றாக எழுதுவாளா, இது வெள்ளைப் பெண் எழுதிய கற்பனைக் கதையாக இருக்கும் என்று நூறாண்டுக்கு மேல் ஒதுக்கி வைத்தார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்னும் ஆய்வாளர் கடிதங்களைத் தேடியெடுத்து 1980-களில் மெய்ப்பித்த பின்னரே அது வரலாறு ஆயிற்று. சொன்னேன், நம்பவில்லை என்று அந்தப் பள்ளிச் சிறுமி சொன்னாளே, திறனாய்வாளர்களும் அதையே செய்தார்கள். பிரெண்டாவின் நூலை உண்மை என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அளவுக்கு உலகம் நகர்ந்திருக்கிறது. நூலில் நமக்கு மனக்குறையும் உண்டு. தெருவில் கழிந்த ஆண்டுகளுக்கு ஏடு ஏடாக இடம் தந்தவர், மீண்டபின் செய்த பணியை விரைந்து கடந்துவிடுகிறார். வலியை வாங்க ஆள் உண்டு, உழைப்பை வாங்க ஆள் இல்லை என்று பதிப்பாளர் கணக்குப் போட்டார்களோ என்னவோ.

சிகாகோவிலிருந்து வடக்கே சிறிது தொலைவில், விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்னும் ஊர் இருக்கிறது. 2018 ஜூனில் அங்கே 17 வயதுக் கறுப்பினச் சிறுமி கிரிஸ்டல் கைசர், தன்னை 16 வயதிலிருந்து சீரழித்த 34 வயது வெள்ளையனைச் சுட்டுக் கொன்று வீட்டுக்குத் தீ வைத்தாள். அவன் கறுப்பினச் சிறுமியர் பலரைக் கெடுத்த சான்று அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காவலர் கையில் இருந்தது. பிடித்த நாளிலேயே அவனை வெளியே விட்டார்கள். நான்கு மாதங்கள் அவன் வீட்டில் இருந்தான். அவளோ விசாரணைக்கே ஈராண்டு சிறையில் இருந்தாள். பிணைத்தொகை 400,000 டாலர். 2020 ஜூனில் அத்தொகையைக் கட்டி அவளை வெளியே கொண்டுவந்தது அரசாங்கமன்று, பணக்காரர் மன்றமன்று. ஊர் ஊராகத் திரட்டிய நிதியைக் கொண்டு சிகாகோ சமூகப் பிணை நிதியத்தாரும் அவளுக்காகப் போராடிய தோழியரும். துறைமுகத்தில் கைபற்றிய மாத்யூஸ் அம்மையாரின் கை, சிறைவாயில் வரை நீண்டது.

விஸ்கான்சின் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. கடத்தலுக்கு ஆளானவர் அதன் நேர் விளைவாகச் செய்த எந்தக் குற்றத்திற்கும் அதையே எதிர்வாதமாக எடுத்துரைக்கலாம். எந்தக் குற்றம்! கொலைக்கு அது பொருந்தாது என்றது அரசுத் தரப்பு. பொருந்தும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சீலியாவுக்காக 1855-இல் கேட்ட கேள்விக்கு 167 ஆண்டு கழித்து வேறொரு மாநிலத்தில், ஒரு வாக்கு வேற்றுமையில், வந்த விடை அது.

அந்த விடையை ஜூரிகள் முன் வைக்கும் நாள் வரவில்லை. வாழ்நாள் முழுதும் சிறையில் கழிய நேருமோ என்ற அச்சம் தலைக்கு மேல் தொங்க, 2024 மே மாதம் அவள் குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டாள். ஆகஸ்ட் மாதம் தண்டனை வந்தது. 11 ஆண்டுகள்.